மலைக்கு இட்ட பெயர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைக் குறிக்கும் சொல்லோ நாடுவிட்டு நாடு செல்கிறது. டைபர் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஒரு சிறு மக்கள்கூட்டம் தன் குடியிருப்பு மேடுகளுக்கு வழங்கிய இலத்தீன் சொல் ஒன்று, இன்று ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் கலந்து நிற்கிறது. செவ்வாய்க் கோளின் வரைபடத்திலும் இடம்பெற்றுள்ளது. அச்சொல்லின் வேரையும் பொருள் விரிவையும் பின்தொடர்ந்து, ஒரு சொல்லை ஆராயும் நெறியை உணர்த்துவதாக இப்பாடம் அமைகிறது.

ஏழு குன்றுகளும் இரு சொற்களும்

உரோம் நகரம் ஏழு குன்றுகளின்மேல் எழுந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. பலட்டைன், கேப்பிட்டோலைன், அவென்டைன், சீலியன், எஸ்குவிலைன், குவிரினால், விமினால் என்பன அவ்வேழு குன்றுகளின் பெயர்கள். இவற்றுள் எதுவும் பெருமலை அன்று. ஆற்றங்கரைத் தாழ்நிலத்திலிருந்து சில பத்து மீட்டர் உயரமே எழுந்து நிற்பவை இவை. எனினும், பண்டை உரோமர் இவை அனைத்தையும் ஒரே சொல்லால் சுட்டவில்லை. முதல் ஐந்தையும் 'மோன்ஸ்' என்றனர். குவிரினாலையும் விமினாலையும் 'கோலிஸ்' என்றனர். இலத்தீன் அகராதிகள் மோன்ஸ் என்பதற்கு மலை என்றும், கோலிஸ் என்பதற்குக் குன்று என்றும் பொருள் தருகின்றன.

உயர்ந்தது மலை, தாழ்ந்தது குன்று என்று கொண்டால் இவ்வழக்கு பொருந்தவில்லை. குன்று எனப்பட்ட குவிரினால், மலை எனப்பட்ட பலட்டைனைவிட உயரமானது. அவ்வாறாயின், உரோமர் எதை அளந்து ஒன்றை மலை என்றனர்? எதை அளந்து மற்றொன்றைக் குன்று என்றனர்?

இவ்வினாவுக்கு விடை காண உதவுவது ஒரு பழைய திருவிழா. ஆண்டுதோறும் டிசம்பர் 11ஆம் நாள் உரோமில் 'செப்டிமோன்டியம்' என்னும் விழா நடைபெற்றது. இலத்தீன் மொழியை ஆராய்ந்து நூல் எழுதிய வாரோ (கி.மு. 116 - கி.மு. 27) இவ்விழாவைப் பற்றிக் குறிப்பிடுகிறார். இது நகர மக்கள் அனைவருக்கும் உரிய விழா அன்று; 'மோன்டானி' எனப்பட்ட மலைவாழ்நருக்கு மட்டுமே உரியது என்பது அவர் தரும் செய்தி. பலட்டைன், எஸ்குவிலைன், சீலியன் ஆகியவற்றின் முகடுகளில் தொன்றுதொட்டு வாழ்ந்தோர் இவ்விழாவில் பங்குகொண்டனர். குவிரினாலும் விமினாலும் இவ்விழாவின் எல்லைக்கு வெளியே இருந்தன.

எனவே, உரோம் நகருக்குள் மோன்ஸ் என்னும் சொல் நிலத்தின் உயரத்தை மட்டும் சுட்டவில்லை என்பது தெளிவாகிறது. எந்த மேட்டில் யார் வாழ்ந்தனர், எந்த விழாவை யார் கொண்டாடினர் என்னும் பழைய உறவின் தடமும் அச்சொல்லில் படிந்திருந்தது. மலையைக் குறிக்கும் சொல், அம்மலையோடு மனிதர் கொண்ட தொடர்பையும் குறிக்கிறது. இந்த உண்மையே அச்சொல்லின் பிற்கால வரலாறு முழுவதிலும் வெளிப்படுகிறது.

வேரைத் தேடி

ஒரு சொல்லின் பிறப்பை ஆராய்வோர், முதலில் அதன் முழு வடிவத்தைக் கண்டறிய வேண்டும். 'மோன்ஸ்' என்பது எழுவாய் வடிவம். 'மலையினுடைய' என்னும் பொருளில் வரும்போது அது 'மோன்டிஸ்' என்றாகிறது. பன்மையில் 'மோன்டெஸ்' என்றாகிறது. எழுவாயில் காணப்படாத ஓர் ஒலி பிற வடிவங்களில் வெளிப்படுவதைக் காணலாம். சொல்லின் அடிப்பகுதி 'மோன்ட்' என்பதே. அதனோடு எழுவாய்க்குரிய 'ஸ்' சேரும்போது இடையில் நின்ற ஒலி கெட்டு, மோன்ஸ் என நிற்கிறது. இத்தாலிய மொழியின் 'மோன்டே', ஆங்கிலத்தின் 'மவுண்ட்' முதலிய சொற்களில் அவ்வொலி இன்றும் நிலைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

இலத்தீன் மொழி இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் மூலமொழிக்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. அதன் கிளைமொழிகளை ஒப்பிட்டு, மூலவடிவங்களை மொழிநூலார் மீட்டுருவாக்கம் செய்கின்றனர். அவ்வகையில், மோன்ஸ் என்னும் சொல்லுக்கு 'மென்' என்பதை வேராக அவர்கள் கொள்கின்றனர். 'முன்னே நீட்டி நிற்றல்', 'புடைத்து எழுதல்' என்பன அவ்வேரின் பொருள்கள்.

இவ்வேரிலிருந்து கிளைத்த பிற இலத்தீன் சொற்கள் இக்கருத்துக்குத் துணைநிற்கின்றன. முகத்திலிருந்து முன்னே நீண்டு நிற்கும் மோவாய்க்கு இலத்தீனில் 'மென்டும்' என்று பெயர். வெளியே துருத்தி நிற்றலை 'எமினேரே' என்னும் வினைச்சொல் குறித்தது. தலைக்குமேல் கவிந்து தொங்குதலை 'இம்மினேரே' குறித்தது. 'மினே' என்னும் சொல், துருத்தி நிற்கும் முனைகளையும் அச்சுறுத்தலையும் ஒருங்கே உணர்த்தியது. கீழே நிற்பவருக்கு, மேலே துருத்தி நிற்கும் பாறை அச்சம் தருவது இயல்பு. அவ்வச்சமே சொல்லின் பொருளாகவும் மாறிற்று.

ஆங்கிலம் கற்கும் மாணவர் இச்சொற்களின் வழித்தோன்றல்களை நன்கு அறிவர். பலரினும் உயர்ந்து நிற்பவரை 'எமினென்ட்' என்பதும், கண்ணில் படுமாறு முன்னிற்பதைப் 'ப்ராமினென்ட்' என்பதும், இதோ நிகழப்போகிறது எனத் தலைக்குமேல் தொங்கும் ஆபத்தை 'இம்மினென்ட்' என்பதும், அச்சுறுத்தலை 'மெனஸ்' என்பதும் இவ்வொரு வேரின் கிளைகளே.

கி.பி. 636இல் மறைந்த செவில் நகர ஆயர் இசிதோர், 'சொற்பிறப்புகள்' என்னும் பெருந்தொகை நூலை இயற்றியவர். மலைகள் நிலத்திலிருந்து துருத்தி நிற்பதாலேயே அப்பெயர் பெற்றன என்று அவர் விளக்கினார். அவர் தந்த சொற்பிறப்புகள் பலவற்றை இன்றைய ஆய்வுலகம் ஏற்பதில்லை. எனினும், இந்த ஒரு விளக்கம் இன்றைய முடிவோடு ஒத்துச்செல்கிறது. அவர் கருத்தால் கண்டதைப் பிற்கால மொழிநூல், கிளைமொழிச் சான்றுகளைக் கொண்டு நிறுவியது.

மோன்ஸ் என்பதன் அடிப்படைப் பொருள் 'உயரமானது' என்பதன்று. 'துருத்தி நிற்பது' என்பதே. உயரம் என்பது அளவு. துருத்தி நிற்றல் என்பதோ சுற்றியுள்ளதோடு ஒப்பிட்டுச் சொல்லும் நிலை. சமவெளியில் ஐம்பது மீட்டர் மேடும் துருத்தி நிற்கும். உரோமின் சிறுமேடுகளும் ஆல்ப்ஸ் மலையும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டதில் முரண்பாடு ஏதுமில்லை.

ஒலி ஒப்புமை சான்றாகுமா?

சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோர் எளிதில் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஒலியால் ஒத்திருக்கும் சொற்கள் பிறப்பாலும் ஒன்றே எனக் கருதிவிடுவதே அது.

நினைவுச்சின்னத்தை ஆங்கிலத்தில் 'மானுமென்ட்' என்பர். அது பெரும்பாலும் உயர்ந்து நிற்பது. மலையை ஒத்த தோற்றமுடையது. தொடக்க ஒலியும் ஒத்துள்ளது. ஆயினும் அது மோன்ஸ் என்பதிலிருந்து பிறந்ததன்று. 'நினைவூட்டு', 'எச்சரி' எனப் பொருள்படும் 'மோனேரே' என்னும் வினையிலிருந்து பிறந்தது. இவ்வினைக்கும் 'மென்' என்னும் ஒலியுடைய வேரே அடிப்படை. ஆனால் அது 'எண்ணுதல்' என்னும் பொருளுடைய வேறொரு வேர். ஒரே ஒலியுடைய இரு வேர்கள் ஒரு மொழிக்குடும்பத்தில் அடுத்தடுத்து இருத்தல் கூடும். பொருள் தொடர்பையும் வடிவ வரலாற்றையும் நோக்காமல் ஒலியை மட்டும் நம்பினால் முடிவு பிழைபடும்.

மண்மேட்டைக் குறிக்கும் 'மவுண்ட்' என ஒலிக்கும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் உண்டு. மலையைக் குறிக்கும் மவுண்ட் வல்லொலியில் முடிய, இது மெல்லிய 'ட்' ஒலியில் முடியும். இச்சொல் தொடக்கத்தில் வேலியையும் எல்லைத் தடுப்பையும் குறித்தது. மேடு என்னும் பொருள் பிற்காலத்தில் ஏற்பட்டது. ஒலியால் நெருங்கி நின்ற மலைச்சொல்லின் சாயல் அதன்மேல் படிந்திருக்கலாம் என்பர்.

ஒலி ஒப்புமை இல்லாத இடத்திலும் உறவு இருக்கக்கூடும் என்பது இதன் மறுபக்கம். குன்றைக் குறிக்கும் 'ஹில்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'கோலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை. மூலமொழியில் சொல் முதலில் நின்ற ககர ஒலி, செருமானியக் கிளையில் ஹகரமாக மாறியது. கொம்பைக் குறிக்கும் இலத்தீன் 'கோர்னு' ஆங்கிலத்தில் 'ஹார்ன்' என்றும், நூறைக் குறிக்கும் இலத்தீன் 'கென்டும்' ஆங்கிலத்தில் 'ஹண்ட்ரட்' என்றும் நிற்பதும் இம்மாற்றத்தாலேயே. இவ்வொழுங்கை யாக்கோபு கிரிம் 1822இல் விரிவாக எடுத்துரைத்தார். ஓரிடத்தில் மட்டுமன்றி, ஒத்த சூழலில் தொடர்ந்து நிகழும் ஒலிமாற்றமே சொல்லுறவுக்கு வலிய சான்றாகும்.

ஆங்கிலத்தில் 'ஹில்' என்பது பிறப்பால் வந்த சொல். 'மவுண்ட்டன்' என்பதோ கடனாகப் பெற்ற சொல். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், பிரெஞ்சுச் சொற்கள் பெருமளவில் ஆங்கிலத்தில் கலந்தன. 'மலை சார்ந்த' எனப் பொருள்படும் பிற்கால இலத்தீன் வடிவம் ஒன்றிலிருந்து பழைய பிரெஞ்சின் 'மோன்டேன்' தோன்றியது. அதுவே ஆங்கிலத்தில் மவுண்ட்டன் ஆயிற்று. உரோமில் அருகருகே நின்ற மோன்ஸ், கோலிஸ் என்னும் இரண்டின் உறவுகளும், ஒன்று கடனாகவும் மற்றொன்று பிறப்புரிமையாகவும் ஆங்கிலத்தில் மீண்டும் அருகருகே நிற்கின்றன.

தெரிந்து தெளிவோம்

உறவுச்சொல்: ஒரே மூலமொழியிலிருந்து கிளைமொழிகள் தனித்தனியே பெற்ற சொல். மலையைக் குறிக்கும் வேல்சு மொழிச் சொல்லும், பிரெட்டன் மொழியின் 'மெனெஸ்' என்னும் சொல்லும் மோன்ஸ் என்பதன் உறவுச்சொற்கள்.

வழிச்சொல்: ஒரு மொழி காலப்போக்கில் திரிந்து புதுமொழியாகும்போது உடன்வந்த சொல். இத்தாலிய, இசுபானிய, போர்ச்சுகீசிய மொழிகளின் 'மோன்டே', உருமேனிய மொழியின் 'முன்டே' ஆகியன மோன்ஸ் என்பதன் வழிச்சொற்கள்.

கடன்சொல்: வேறொரு மொழியிலிருந்து எடுத்துக்கொண்ட சொல். ஆங்கிலத்தின் 'மவுண்ட்டன்' இவ்வகையது.

ஏறுதலும் குவிதலும்

வழிச்சொற்கள் தாம் சென்ற நாடுகளில் புதுப்பொருள் பெற்றன. மலை என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து, ஏறுதலைக் குறிக்கும் வினைச்சொல் பிறந்தது. பிரெஞ்சில் 'மோன்டே' என ஒலிக்கும் வினை ஏறுதல் என்றே பொருள்படும்; மாடிப்படி ஏறுதலும் அதுவே, விலை ஏறுதலும் அதுவே. 'மலையை நோக்கி' எனப் பொருள்படும் 'அமோன்' என்னும் பிரெஞ்சுச் சொல், ஆற்றின் மேற்புறத்தைக் குறிக்கிறது. 'பள்ளத்தாக்கை நோக்கி' எனப் பொருள்படும் 'அவால்' அதன் கீழ்ப்புறத்தைக் குறிக்கிறது.

இச்சொல்லே ஆங்கிலத்துக்குச் சென்று கணக்கேட்டில் அமர்ந்தது. 'அமவுண்ட்' என்பது முதலில் மேலேறுதலைக் குறித்தது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சென்று ஒரு தொகையை எட்டுதல் என்னும் பொருளை அடைந்து, பின் அத்தொகைக்கே பெயராயிற்று. வங்கிப் படிவத்தில் தொகை எழுதுமிடத்தில் காணப்படும் அச்சொல்லுக்குள் ஒரு மலை மறைந்திருக்கிறது. யாவற்றிலும் மேலானதைக் குறிக்கும் 'பாரமவுண்ட்' என்பதும் இவ்வழியில் வந்ததே.

இலத்தீனில் மோன்ஸ் என்பதற்குக் குவியல் என்னும் பொருளும் இருந்தது. நிறைவேற்ற இயலாத வாக்குறுதி தருவோரைப் பொன்மலைகளைத் தருவதாகக் கூறுவோர் என உரோமர் எள்ளினர். இப்பொருளுக்கு உரோம் நகரிலேயே கண்கூடான சான்று ஒன்று நிற்கிறது. டைபர் ஆற்றுத்துறைக்கு அருகே 'மோன்டே டெஸ்டாச்சோ' என்னும் மேடு உள்ளது. ஓட்டாஞ்சில்லு மலை என்பது அதன் பொருள். ஏறத்தாழ 35 மீட்டர் உயரமுடைய இம்மேடு இயற்கையானதன்று. இசுபானியாவிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் எண்ணெய் ஏற்றிவந்த மண்சாடிகளை உடைத்து, பல தலைமுறைகளாக அடுக்கியதால் உருவானது.

குவியல் என்னும் பொருள் பொருளாதாரத்திலும் நுழைந்தது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில், கடுவட்டிக்குக் கடன் பெற்றுத் துன்புற்ற ஏழைகளுக்கு உதவும் பொருட்டு, அடகுபெற்றுக் குறைந்த வட்டிக்குக் கடன் தரும் அறநிலையங்கள் தோன்றின. பலர் அளித்த பணம் ஓரிடத்தில் குவிந்து பொதுநிதியானதால் அந்நிலையங்கள் 'மோன்டே' எனப்பட்டன. 1472இல் சியனா நகரில் தொடங்கப்பட்ட அத்தகைய நிலையம் ஒன்று, இன்றும் தன் பெயரில் மோன்டே என்னும் சொல்லைத் தாங்கி வங்கியாக இயங்குகிறது.

இசுபானியத்தில் இச்சொல் மலையோடு காட்டையும் குறிக்கிறது. உழுது பயிரிட இயலாத மேட்டுநிலத்தில் புதரும் மரமும் மண்டிக் கிடந்ததால், நிலத்தின் பெயர் அதன்மேல் வளர்ந்ததற்கும் ஆகிவந்தது.

அரசியலிலும் மலை எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792இல் கூடிய தேசியப் பேராயத்தில் உயரமான இருக்கைவரிசையில் அமர்ந்த உறுப்பினர் 'மலையினர்' எனப்பட்டனர். உரோபெசுபியர், டாண்டன், மாரா ஆகியோர் அவ்வணியினர். எவ்வணியிலும் சேராமல் கீழ்வரிசையில் அமர்ந்தோர் 'சமவெளியினர்' எனப்பட்டனர். அமர்ந்த இடமே கட்சியின் பெயராயிற்று.

மலைக்கு இப்பாலும் அப்பாலும்

மலை நிலத்தைப் பிரிக்கிறது. பிரித்த நிலத்தின் இரு புறமும் மக்கள் வாழ்கின்றனர். யார் எப்புறம் நின்று பேசுகின்றனர் என்பதைப் பொறுத்து, 'அப்பால்' என்பதன் பொருள் மாறுகிறது.

இடைக்காலத்தில் புகழ்பெற்று விளங்கிய பொலோஞ்யாப் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் இரு பெரும் சங்கங்களாகப் பிரிந்திருந்தனர். இத்தாலியைச் சேர்ந்தோர் 'சித்ராமோன்டானி', அதாவது மலைக்கு இப்பாலவர். ஆல்ப்சைக் கடந்து வந்த பிறநாட்டார் 'உல்ட்ராமோன்டானி', அதாவது மலைக்கு அப்பாலவர். இங்கு அப்பால் என்பது வடதிசை. பல நூற்றாண்டுகளுக்குப் பின், பிரான்சிலும் செருமனியிலும் அதே சொல் வேறொருவரைச் சுட்டியது. உரோமிலிருந்த போப்பாண்டவரின் மேலாண்மையை முழுமையாக ஏற்றவர்களை, அந்நாட்டார் 'மலைக்கு அப்பாலைச் சார்ந்தோர்' என்னும் பொருளில் 'உல்ட்ராமோன்டேன்' என்றனர். இங்கு அப்பால் என்பது தென்திசை. மலையும் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. பேசுபவர் நின்ற இடம் மாறியது, அயலாரும் மாறினர்.

இத்தாலியில் வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று 'ட்ராமோன்டானா' எனப்படுகிறது. மலைக்கு அப்பாலிருந்து வருவது என்பது அதன் பொருள். ஆல்ப்சின் அடிவாரத்தில் அமைந்த மாநிலம் பியத்மோன்டு. மலையின் பாதம் என்பது அப்பெயரின் பொருள். போர்ச்சுகல் நாட்டின் வடகிழக்கில் மலைகளுக்கு அப்பால் எனப் பொருள்படும் பெயருடைய நிலப்பகுதி உள்ளது. அங்கே வாழ்வோர்க்கு அது அப்பாலன்று; இப்பால்தான். பெயர் இட்டவர் மலையின் மறுபுறம் நின்றவர் என்பதை அப்பெயரே காட்டிக்கொடுக்கிறது.

பெயரிட்டவர் யார்?

1535இல் பிரெஞ்சுக் கடலோடி யாக் கார்த்தியே, இன்றைய கனடாவில் ஓசலாகா என்னும் ஊரை அடைந்தார். அருகிலிருந்த குன்றுக்கு அரசமலை எனப் பொருள்படும் பெயரை இட்டார். அதிலிருந்து பிறந்ததே மான்ட்ரியல் என்னும் நகரப்பெயர். குன்றின் அடியில் வாழ்ந்த மக்கள் அதற்குத் தம் மொழியில் வழங்கிய பெயர் அந்நகரப் பெயரில் இடம்பெறவில்லை.

தமிழகத்துக்கும் இச்சொல் வந்தது. சென்னைக்குத் தெற்கே உள்ள குன்றை ஆங்கிலேயர் புனித தோமையார் பெயரோடு மவுண்ட் என்னும் சொல்லைச் சேர்த்து அழைத்தனர். அதற்குச் செல்லும் சாலை மவுண்ட் ரோடு ஆயிற்று. பிற்காலத்தில் அண்ணா சாலை எனப் பெயர் பெற்றது. அக்குன்றுக்குத் தமிழ்ப்பெயர் பரங்கிமலை. பரங்கி என்பது ஐரோப்பியரைக் குறித்த சொல். வந்தவர் தம் புனிதரின் பெயரைக் குன்றுக்கு இட்டனர். இங்கிருந்தோர் வந்தவரின் பெயரைக் குன்றுக்கு இட்டனர். ஒரே குன்றின் இரு பெயர்களும் அதனை இரு பக்கமிருந்து நோக்கியவரின் பார்வையைக் காட்டுகின்றன.

வில்லியம் லாம்டன் 1802இல் இக்குன்றின் அருகேதான் நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். அன்று தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணி இமயம்வரை நீண்டது. அளவையாளர் 15ஆம் முகடு எனக் குறித்த சிகரமே உலகில் உயர்ந்தது என்பது, ராதாநாத் சிக்தார் முதலானோரின் கணக்குகளால் புலப்பட்டது. அதன் உயரம் 29,002 அடி என 1856இல் அறிவிக்கப்பட்டது. 1865இல் அச்சிகரத்துக்கு முன்னாள் நில அளவைத் தலைவர் சார்ச் எவரெசுட்டின் பெயர் சூட்டப்பட்டது. திபெத்தியர் அதனைச் சோமோலுங்மா என்கின்றனர். நேபாள நாட்டில் அது சாகர்மாதா. உலகின் பெரும்பகுதி மவுண்ட் எவரெஸ்ட் என்கிறது. உயரத்தை அளந்த கருவி அனைவருக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பெயர் அவ்வாறன்று. அது வழங்குவோரின் மொழியையும் நினைவையும் அதிகாரத்தையும் சேர்த்தே காட்டும்.

செவ்வாயில் ஒரு மலை

வானியலார் பிறகோள்களின் நிலப்பரப்புக்கு இலத்தீன் சொற்களால் பெயரிடுவது மரபு. ஒரு மலையானால் மோன்ஸ். மலைத்தொடரோ மலைத்தொகுதியோ ஆனால் மோன்டெஸ். நிலவிலுள்ள மோன்டெஸ் அப்பென்னினுஸ், செவ்வாயிலுள்ள தார்சிஸ் மோன்டெஸ் ஆகியன இம்மரபில் வந்த பெயர்கள்.

செவ்வாயின் ஒளிமிக்க பகுதி ஒன்றை 19ஆம் நூற்றாண்டு வானியலார் இசுகியாபரெல்லி தொலைநோக்கியால் கண்டார். அது ஒலிம்பசின் பனி எனப் பொருள்படும் 'நிக்ஸ் ஒலிம்பிகா' என்று பெயர் பெற்றது. அது மலை என்பது அன்று தெரியவில்லை. 1971 நவம்பரில் மாரினர்-9 விண்கலம் செவ்வாயை அடைந்தபோது, கோள் முழுவதும் புழுதிப்புயல் மூடியிருந்தது. நிலம் எதுவும் தென்படவில்லை. புழுதிப்படலத்துக்கு மேலே சில கரும்புள்ளிகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன. புயல் அடங்கியபின், அவை மாபெரும் எரிமலைகளின் உச்சிகள் எனத் தெரிந்தது. அவற்றுள் மிகப்பெரியது ஒலிம்பஸ் மோன்ஸ் என்னும் பெயரைப் பெற்றது. அதன் உயரம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அகலம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர்.

புழுதிக்கு மேலே துருத்தி நின்றதாலேயே அம்மலை கண்ணுக்குப் புலப்பட்டது. துருத்தி நிற்பது என்பதே மோன்ஸ் என்பதன் வேர்ப்பொருள். இதில் எண்ணத்தக்க மற்றொன்றும் உண்டு. ஒலிம்பஸ் மோன்சின் பெரும்பகுதி மிகச் சாய்வு குறைந்தது. அதன் சரிவில் ஒருவர் நிற்க நேர்ந்தால், தாம் ஒரு மலைமீது நிற்பதாகவே அவருக்குத் தோன்றாது. ஐம்பது மீட்டர் பலட்டைன், ஆற்றங்கரையில் நின்றவர் கண்ணுக்கு மலையாயிற்று. 22 கிலோமீட்டர் ஒலிம்பஸ், தன்மேல் நிற்பவர் கண்ணுக்குச் சமநிலமாய்த் தோன்றும்.

மோன்ஸ் என்னும் ஒரு சொல் குடியிருப்பாகவும் குவியலாகவும் ஏற்றமாகவும் எல்லையாகவும் கட்சியாகவும் மாறி வந்துள்ளது. இம்மாற்றங்கள் அனைத்துக்கும் பின்னால் மலையை ஓரிடத்திலிருந்து நோக்கிய மனிதர் நிற்கின்றனர். ஒரு சொல்லின் பொருளை அறிய விழைவோர், அது எதைச் சுட்டுகிறது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. எங்கு நின்று சுட்டுகிறது என்றும் கேட்டல் வேண்டும். சொல்லின் வரலாறு அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள மலை, குன்று, மேடு, பாறை ஆகியவற்றின் பெயர்களைத் தொகுக்க. ஒவ்வொரு பெயரும் யாரால், எக்காரணத்தால் இடப்பட்டது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து வகுப்பில் உரையாடுக.

2. ஒலியால் ஒத்து, பிறப்பால் வேறுபட்ட சொற்களை அகராதியின் துணையோடு தேடிப் பட்டியலிடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. மோன்ஸ் என்பதன் வேர்ப்பொருள்
அ) எண்ணுதல் ஆ) துருத்தி நிற்றல் இ) காத்தல் ஈ) நினைவூட்டல்

2. 'கோலிஸ்' என்பதன் உறவுச்சொல்
அ) மவுண்ட்டன் ஆ) மானுமென்ட் இ) ஹில் ஈ) அமவுண்ட்

குறுவினா

1. செப்டிமோன்டியம் விழாவுக்கு உரியவர் யாவர்?

2. உறவுச்சொல், கடன்சொல் வேறுபடுத்துக.

சிறுவினா

1. ஒலி ஒப்புமை மட்டும் சொற்பிறப்புக்குச் சான்றாகாது என்பதை 'மானுமென்ட்' என்னும் சொல்லைக் கொண்டு விளக்குக.

2. 'உல்ட்ராமோன்டானி' என்னும் சொல் சுட்டிய திசை காலத்துக்கேற்ப மாறியது எவ்வாறு?

நெடுவினா

1. மலையைக் குறிக்கும் சொல், அதனை நோக்கும் மனிதரின் நிலையையும் காட்டுகிறது என்னும் கருத்தைப் பாடப்பகுதியின் சான்றுகளால் நிறுவுக.